பண்டாரவாடையில் இரண்டு அங்குலம்

"வெயில் குடிக்குது" என்கிறார்
புரூனையிலிருந்து வீடியோவில் வீட்டுக்காரர்.
சித்திரை வெயில், குடிக்கக்கூடியதுதான்.
குடித்தால் வாளியிலும் குடிக்கட்டும் என்று
பழைய பெயிண்ட் வாளியில் நீர் நிரப்பி
மிதக்காமலிருக்க ஒரு செங்கல் போட்டுக்
குளத்தின் இரண்டாம் படியில் வைத்தேன்.
உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு.
என் மார்க்கர் காய்ந்துபோயிருந்தது.
சுலைஹா கண்மைப் பென்சில் கொண்டுவந்தார்:
"அழுதாலே அழியாது, போடுங்க."

மறுநாள் அதே நேரம்
வாளிக்குள் கால் அங்குலம்.
வாளிக்கு வெளியே இரண்டு.
வெயிலை விட்டுவிட்டேன்.

அடுத்து ஸ்பா.
குளத்தின் தோளில் ஏறி உட்கார்ந்த பிள்ளை அது.
பம்ப் ஓடும்வரை விளிம்பில் வழிந்து சிரிக்கும்.
ராத்திரி நிறுத்தினால்
விடிவதற்குள் இறங்கிக் குளத்து மட்டத்தில் கிடக்கும்.
எனக்கு முன் வந்த மூன்று பேரும்
ஓட்டை அங்கேதான் என்று
ஓடு பெயர்த்து வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தார்கள்.
ஓட்டையே இல்லை.
செக் வால்வின் நாக்கு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்குப் போன பணம்
தொலைந்த பணமாகாது.
நாக்கை மாற்றினேன். ஸ்பா நின்றது.
குளம் இறங்கிக்கொண்டேயிருந்தது.

குழாய்களில் காற்றடைத்துப் பார்த்தேன்,
முள் அசையவில்லை.
இருதயராஜ் மூச்சடக்கி மூழ்கினான்,
கையில் ஊசி கழற்றிய சிரிஞ்ச், அதில் நீல மை.
விளக்குக் குழியில் விட்டான்: புகையாகத் தொங்கியது.
ஸ்கிம்மர் வாயில் விட்டான்: தொங்கியது.
ஆழப் பக்கம், தரைச் சல்லடைமேல் விட்டதும்
யாரோ பேர்சொல்லிக் கூப்பிட்டதுபோல
வளைந்து உள்ளே போனது.
மேலே வந்து இருமிக்கொண்டே
கட்டைவிரலைக் கீழே காட்டினான்.

இந்தப் பக்கம் மண்ணுக்கடியிலும் ஆறு ஓடும்.
குடமுருட்டி நிறைந்த நாளில் குளத்தைக் காலி செய்தால்
கான்கிரீட் என்றும் பாராமல் தூக்கிவிடும்,
பேருக்கேற்ற ஆறு.
கட்டியவனுக்கு அது தெரிந்திருக்கிறது.
அடியில் ஒருவழி வால்வு வைத்திருந்தான்:
ஊற்று மேலே வரலாம்,
குளம் கீழே போகக்கூடாது.
அதன் வாயில் ஒரு நத்தை ஓடு,
கதவிடுக்கில் மாட்டிய செருப்புபோல.
ஓட்டை எடுத்தாயிற்று.
ரப்பர் அறுந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கையன் சொன்னார்,
மாசியிலிருந்து தன் கைபம்பில்
பிளீச்சிங் பவுடர் வாசனை வருகிறதாம்.
பஞ்சாயத்து திடீரென்று நல்லதாகிவிட்டது என்று
நினைத்துக்கொண்டிருந்தாராம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சுலைஹா சிரிப்பை முக்காட்டில் மறைத்துக்கொண்டார்.

புது வால்வு கோயம்புத்தூரில் இல்லை.
மும்பையிலிருந்து வர ஐந்து வாரம் என்றார்கள்.
அதற்குள் மேட்டூர் திறந்தார்கள்.
வாய்க்காலில் முதலில் பிளாஸ்டிக் வந்தது, பிறகு நுரை,
பிறகு தண்ணீர்.

சுலைஹா நாள்தோறும் கோடு போட்டு
வாட்ஸப்பில் அனுப்பினார்.
இரண்டு. இரண்டு. ஒன்றரை.
முக்கால்.
ஒருநாள் அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு.
"நின்னுடுச்சு!"
புரூனையிலிருந்து பணம் வந்துவிட்டது,
கூடவே கைகூப்பும் பொம்மை இரண்டு.

போனில் சொன்னேன்: நான் நிறுத்தவில்லைங்க.
கீழே ஆறும் மேலே உங்கள் குளமும்
உள்ளங்காலோடு உள்ளங்கால் வைத்து
தள்ளிக்கொண்டு நிற்கின்றன.
இப்போது வால்வைக் கழற்றினால்
குடமுருட்டி உங்கள் நீச்சல்குளத்தில் குளிக்கும்.
இன்னும் ஏறினாலும் அப்படித்தான்,
குளோரின் நிற்காது, பச்சை கட்டும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம்.
"அப்ப இந்தப் பணம்?"

பில்லில் எழுதினேன்:
செக் வால்வு நாக்கு ஒன்று.
மை இரண்டு குப்பி.
இருதயராஜ் மூச்சு, ஒன்பது தடவை.
மீதி முன்பணம்.
கசிவு அடைக்க, ஆறு வற்றியதும்
போன் செய்யவும்.